தைராய்டா, ஃபைப்ரோமயால்ஜியாவா? ரத்தப் பரிசோதனை எதுவரை சொல்லும்

"உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குதுங்க. காலையில எந்திரிக்கவே முடியல." சேலத்தில் எந்த கிளினிக் வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். பக்கத்தில் இருப்பவர் உடனே சொல்வார்: "தைராய்டா இருக்கும், டெஸ்ட் எடுத்துப் பாருங்கக்கா." எடுத்துப் பார்த்து எல்லாம் சரியாக இருந்துவிட்டால் வீட்டில் கிளம்பும் பேச்சு இன்னும் மோசம்: "ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லையாம். சும்மா நினைச்சுக்கிட்டு வலிக்குதுங்கறா."

லேப்பில் வேலை பார்ப்பதால் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போது முகம் மாறுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். நோய் இல்லை என்று வந்தும் அழுதவர்கள் உண்டு. வலிக்கு ஒரு பெயர் கிடைக்காமல் போனதே அவர்களுக்குத் துக்கம். உடம்பு வலியும் அசதியும் தைராய்டு குறைவால் வரலாம், மாதக்கணக்கில் உடம்பு முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா என்ற நோயாலும் வரலாம். முதலாவதை ரத்தம் காட்டிக்கொடுக்கும். இரண்டாவதை எந்த ரத்தப் பரிசோதனையும் காட்டாது. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் மீதியெல்லாம் எளிது.

தைராய்டு செய்யும் வேலை

அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை பக்கம் வளர்ந்தவர்களுக்கு விசைத்தறிக் கூடம் பழகிய இடம். கரண்ட் போய் ஜெனரேட்டரில் தறி ஓட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜெனரேட்டர் திணறினால் ஒரு தறி மட்டும் தளராது. அத்தனை தறியும் சேர்ந்து தளரும், விளக்கு மங்கும், ஃபேன் மெதுவாகச் சுற்றும். உள்ளேயிருந்து தறிக்காரர் "ஏத்துப்பா, ஏத்து" என்று குரல் கொடுப்பார். கரண்ட் இன்னும் குறைந்தால் குரல் இன்னும் கூடும். வாசலில் நிற்பவர் ஜெனரேட்டரைப் பார்க்கவே வேண்டாம். குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்பதை வைத்தே உள்ளே நிலைமை என்ன என்று சொல்லிவிடலாம்.

உடம்பில் ஜெனரேட்டர் இருக்கும் இடத்தில் தைராய்டு இருக்கிறது. கழுத்தின் முன்பக்கம், மூச்சுக்குழாயை ஒட்டி இருக்கும் சின்னச் சுரப்பி அது. அது ஹார்மோன் சுரக்கிறது. ஹார்மோன் என்றால் ஓரிடத்தில் சுரந்து, ரத்தத்தில் கலந்து போய், வேறு உறுப்புகளுக்கு வேலை சொல்லும் பொருள். தைராய்டு சுரப்பதில் பெரும்பகுதி டி4. அது உடம்புக்குள் டி3 ஆக மாறி, இதயம், குடல், தோல், தசை, மூளை என எல்லாம் எவ்வளவு வேகமாக இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

குரல் கொடுப்பது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. அதன் குரல்தான் டி.எஸ்.எச். தைராய்டு தளரத் தளர டி.எஸ்.எச் ஏறும். தைராய்டு அளவுக்கு மீறி சுரந்தால் பிட்யூட்டரி வாயை மூடிக்கொள்ளும், டி.எஸ்.எச் இறங்கும். ரிப்போர்ட்டைப் பார்த்து "டி.எஸ்.எச் அதிகம், அப்படின்னா எனக்குத் தைராய்டு அதிகமா?" என்று கேட்பவர்கள் ஏராளம். நேர் எதிர். டி.எஸ்.எச் அதிகம் என்றால் தைராய்டு வேலை குறைவு.

உப்பில் அயோடின் கலந்து விற்கும் இந்தக் காலத்தில் தைராய்டு குறைவதற்கு முக்கியக் காரணம் ஹாஷிமோட்டோ நோய். ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ 1912-ல் விவரித்தது. கிருமியைத் தாக்க வேண்டிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, தன் சொந்தத் தைராய்டையே கொஞ்சம் கொஞ்சமாகத் தாக்குகிறது. அந்தத் தாக்குதலின் தடயத்தை ரத்தத்தில் பார்ப்பதுதான் ஆன்டி டி.பி.ஓ பரிசோதனை.

இதுவரை சொன்னது: தைராய்டு குறைந்தால் உடம்பு முழுவதும் மந்தமாகும், அதில் தசையும் அடங்கும், அதனால் வலியும் வரும். அந்தக் குறைவை டி.எஸ்.எச் என்ற எண்ணில் பார்த்துவிடலாம்.

ஃபைப்ரோமயால்ஜியா எங்கே இருக்கிறது

அதே தறிக்கூடத்துக்குள் போவோம். ஓடும் தறியில் ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். அதற்கென்று ஒரு கம்பி நூலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்தக் கம்பியின் அமைப்பு கெட்டுப்போய், நூல் அறாமலே தறி நின்று நின்று ஓடினால்? கரண்டை அளந்தால் சரியாக இருக்கும். மோட்டார் சரி. நூலும் சரி. ஆனால் தறி நிற்பது பொய்யில்லை. அன்றைக்குத் துணி நெய்ய முடியாததும் பொய்யில்லை.

ஃபைப்ரோமயால்ஜியாவில் கெட்டுப்போவது வலியை உணர்த்தும் அமைப்பு. தண்டுவடமும் மூளையும் வலிச் செய்தியை இருப்பதைவிடப் பெரிதாக்கி வாசிக்கின்றன. இதை மைய உணர்திறன் மிகுதி என்பார்கள். சாதாரண அழுத்தம் வலியாகிறது. சின்ன வலி பெரிய வலியாகிறது. தசையிலும் மூட்டிலும் வீக்கமோ அழற்சியோ இருக்காது. அதனால்தான் எக்ஸ்ரேயும் ரத்தமும் சுத்தமாக வருகின்றன. இந்த வகை வலிக்கென்றே தனிப் பெயர் வேண்டும் என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2017-ல் 'நோசிபிளாஸ்டிக் வலி' என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. நினைப்பால் வரும் வலி என்று யாராவது சொன்னால் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

வலியோடு மூன்று தொல்லைகள் கூடவே வரும்: அசதி, எட்டு மணி நேரம் தூங்கினாலும் தூங்காத மாதிரி இருப்பது, அப்புறம் மூளை மந்தம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பது, பேச்சின் நடுவில் சொல் வராமல் தவிப்பது எல்லாம் இந்த மந்தத்தில் சேரும். சிலருக்கு வெளிச்சம், சத்தம், ஊதுபத்தி வாசனை கூடத் தாங்காது. நூறு பேரில் 2 முதல் 4 பேருக்கு இருப்பதாகப் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். பெண்களுக்கு அதிகம் கண்டறியப்படுகிறது. ஆண்களுக்கும் உண்டு.

சுருக்கமாக: தைராய்டு குறைவு சக்தி போதாத பிரச்சினை. ஃபைப்ரோமயால்ஜியா வலியை வாசிக்கும் அமைப்பின் பிரச்சினை. அசதி, வலி, மறதி இரண்டுக்கும் பொது என்பதால் ஆளைப் பார்த்தவுடன் குழம்புகிறது.

ரத்தம் எடுக்கும் முன்பே கிடைக்கும் குறிப்புகள்

நல்ல மருத்துவர் ரிப்போர்ட்டுக்கு முன்பே கேள்விகளில் பாதி வேலையை முடித்துவிடுவார். "குளிர் தாங்க முடிகிறதா?" என்பது ஒன்று. மார்கழியில் ஏற்காட்டில் இருப்பவருக்குக் குளிர்வதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதே ஆள் சித்திரை மாதம் சேலத்துக்கு மகள் வீட்டுக்கு வந்து, எல்லாரும் வெக்கையில் தவிக்கும்போது ஃபேனை நிறுத்தச் சொல்லிப் போர்வை கேட்டால், அது தைராய்டு பக்கம் கை காட்டுகிறது. மலச்சிக்கல், வறண்ட தோல், குரல் கரகரப்பு, காலையில் முகம் உப்புவது, மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, மெதுவான நாடி ஆகியவையும் அந்தப் பக்கமே. ஃபைப்ரோமயால்ஜியாவில் நாடி வழக்கம்போல இருக்கும். குரல் மாறாது. குழந்தை ஓடிவந்து கட்டிப் பிடித்தால் வலிக்கிறது என்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. நாற்காலியில் முட்டி போடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த தசைநாரில் ரப்பர் சுத்தியலால் மருத்துவர் லேசாகத் தட்டுவார். பாதம் வெடுக்கென்று அசைந்து உடனே பழைய இடத்துக்கு வர வேண்டும். தைராய்டு நன்றாகக் குறைந்தவருக்குப் பாதம் அசையும், ஆனால் திரும்பி வருவது தாமதமாகும், சோம்பலாக இறங்கும். கண்ணாலேயே பார்க்கலாம். ஃபைப்ரோமயால்ஜியாவில் இந்தத் தாமதம் இருக்காது. இதற்காக ரத்தப் பரிசோதனையை விட்டுவிட முடியாது, குறைவு லேசாக இருந்தால் பாதம் காட்டாது. ஆனாலும் ஒரு சுரப்பியின் நிலை காலில் தெரிவது ஆச்சரியம்தான்.

தைராய்டு ரிப்போர்ட்டை வாசிப்பது

முதலில் எடுக்க வேண்டியது டி.எஸ்.எச். பெரியவர்களுக்குச் சரியான அளவு ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை. லேப்புக்கு லேப் சற்று மாறும், அதனால் உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் அந்த லேப் அச்சிட்டிருக்கும் அளவோடுதான் ஒப்பிட வேண்டும். டி.எஸ்.எச் கூடியிருந்தால் அடுத்தது ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்தில் தனியாக, வேலைக்குத் தயாராக இருக்கும் டி4-ன் அளவு.

டி.எஸ்.எச் கூடுதல், ஃப்ரீ டி4 குறைவு என்றால் தைராய்டு குறைவு உறுதி. இரண்டும் சரி என்றால் இப்போதைய வலிக்குத் தைராய்டு காரணமில்லை என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். அரிதாகப் பிட்யூட்டரியே பழுதாகி, டி.எஸ்.எச் சாதாரணமாகத் தெரிந்தும் டி4 குறைந்திருக்கும். சந்தேகம் இருந்தால் மருத்துவர் இரண்டையும் சேர்த்தே எழுதுவார்.

தசை வலி பலமாக இருந்தால் சி.கே என்ற பரிசோதனையும் உதவும். தசை பாதிக்கப்படும்போது ரத்தத்தில் கசியும் ஒரு நொதி அது. தைராய்டு குறைவால் தசை பாதிக்கப்பட்டால் பெரும்பாலும் ஏறும். ஃபைப்ரோமயால்ஜியாவில் ஏறாது.

ரத்தம் கொடுக்கும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும், இதை எங்கள் கவுன்டரில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. வெறும் வயிறு கட்டாயமில்லை. ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் ரத்தம் கொடுத்த பிறகு அன்றைய மாத்திரையைப் போட்டுக்கொள்வது நல்லது. கடுமையான காய்ச்சலில் கிடந்து எழுந்த கையோடு எடுத்தால் எண் தாறுமாறாக வரலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது பயோட்டின். முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் மாத்திரைகளில் இது நிறைய இருக்கிறது. சில வகைக் கருவிகளில் பயோட்டின் டி.எஸ்.எச்சைக் குறைத்துக் காட்டும். யோசித்துப் பாருங்கள்: தைராய்டு குறைந்ததால் முடி கொட்டுகிறது, முடிக்காகப் பயோட்டின் சாப்பிடுகிறார், பயோட்டின் தைராய்டு குறைவை மறைக்கிறது. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு குறைந்தது 2 நாளுக்கு முன்பே அதை நிறுத்திவிட்டு வர வேண்டும். முடி மாத்திரையை யாரும் மருந்தாக நினைப்பதில்லை, அதனால் கேட்டாலும் சொல்வதில்லை.

ஃபைப்ரோமயால்ஜியாவை எப்படி உறுதி செய்கிறார்கள்

அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் அமைப்பு 1990-ல் ஒரு முறை வகுத்தது. உடம்பில் 18 புள்ளிகளைக் கட்டை விரலால், நகம் வெளுக்கும் அளவுக்கு, அதாவது சுமார் 4 கிலோ அழுத்தத்தில் அழுத்திப் பார்ப்பார்கள். 11 இடங்களில் வலித்தால் ஃபைப்ரோமயால்ஜியா. ஆனால் நோயாளியின் தூக்கம், அசதி, மறதி எதையும் அது கணக்கில் எடுக்கவில்லை, அழுத்தும் விரலைப் பொறுத்து முடிவும் மாறியது. அதனால் 2010-ல் வேறு முறை வந்தது, 2016-ல் திருத்தப்பட்டது.

இப்போது உடம்பை 19 பகுதிகளாகப் பிரித்து, கடந்த ஒரு வாரத்தில் எங்கெல்லாம் வலித்தது என்று எண்ணுகிறார்கள். அசதி, தூங்கி எழுந்தும் தெளிவில்லாமை, மறதி, தலைவலி போன்ற மற்றத் தொல்லைகளுக்கு 12-க்கு ஒரு மதிப்பெண். வலி 7 பகுதிகளிலாவது இருந்து தொல்லை மதிப்பெண் 5 தொட்டால், அல்லது வலி 4 முதல் 6 பகுதிகளில் இருந்து மதிப்பெண் 9 தொட்டால், சந்தேகம் பலமாகிறது. வலி ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது: இடது மேல்பக்கம், வலது மேல்பக்கம், இடது கீழ்ப்பக்கம், வலது கீழ்ப்பக்கம், கழுத்தும் முதுகும் சேர்ந்த நடுப்பகுதி என்ற ஐந்தில் நான்கிலாவது இருக்க வேண்டும். இதெல்லாம் 3 மாதமாவது நீடித்திருக்க வேண்டும்.

அப்படியானால் ரத்தம் எதற்கு எடுக்கிறார்கள்? வேறு நோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க. டி.எஸ்.எச், ரத்த அணுக்கள், அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர் அல்லது சி.ஆர்.பி, தேவைப்பட்டால் சி.கே, சர்க்கரை, கால்சியம், வைட்டமின் டி. பெரும்பாலானவர்களுக்கு இவ்வளவு போதும். மூட்டு வீக்கமோ, தோலில் தடிப்போ இல்லாதவருக்கு, வாத நோய்களைத் தேடும் ஆர்.ஏ ஃபேக்டர், ஏ.என்.ஏ பரிசோதனைகளையும் சேர்த்து எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். நலமாக இருப்பவர்கள் சிலருக்கும் அவை பாசிட்டிவ் வரும், அப்புறம் இல்லாத வாத நோயைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டியதுதான்.

ஆக, ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு ரிப்போர்ட் நார்மல் என்பது எதிர்பார்த்த முடிவு. வலி இல்லை என்பதற்கான சான்று இல்லை.

டி.எஸ்.எச் கொஞ்சம் மட்டும் கூடியிருந்தால்

அதிகம் பேர் சிக்கிக்கொள்வது இங்கேதான். டி.எஸ்.எச் 6 வந்திருக்கிறது, ஃப்ரீ டி4 சரியாக இருக்கிறது. ரிப்போர்ட்டில் அந்த எண் தடித்த எழுத்தில் இருக்கும், பார்த்தவுடன் பயம் வரும். "அதான் வலிக்குது, காரணம் கிடைச்சிடுச்சு" என்று நிம்மதியும் வரும். ஆனால் இந்த லேசான ஏற்றம் உடம்பு முழுக்க வரும் கடும் வலியை விளக்கப் பெரும்பாலும் போதாது. வயதானவர்களுக்கு டி.எஸ்.எச் இயல்பாகவே சற்றுக் கூடும். இரண்டு மூன்று மாதம் கழித்து எடுத்தால் பலருக்குத் தானே இறங்கியிருக்கும்.

65 வயது தாண்டிய, இப்படி லேசான ஏற்றம் உள்ளவர்களிடம் ஐரோப்பாவில் செய்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், தைராய்டு மாத்திரை கொடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை கொடுத்தவர்களுக்கும் அசதியில் வித்தியாசம் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். டி.எஸ்.எச் 10-ஐத் தாண்டினால், ஆன்டி டி.பி.ஓ பாசிட்டிவ் என்றால், இளவயது என்றால் மருத்துவர் வேறு மாதிரி முடிவெடுப்பார். கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் காத்திருக்கவே கூடாது, உடனே காட்ட வேண்டும்.

இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம்

ஃபைப்ரோமயால்ஜியாவை உறுதி செய்யும் முறையின் 2016 திருத்தம் தெளிவாகவே சொல்கிறது: வேறு நோய் இருப்பதால் ஃபைப்ரோமயால்ஜியா இல்லை என்று ஆகிவிடாது. தைராய்டு மாத்திரை ஆரம்பித்தால் 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச் மறுபடி பார்ப்பார்கள். அது சரியான பிறகும் தசை வலி முழுதாக இறங்கச் சில மாதம் ஆகலாம். அந்தக் காலமும் கடந்து, டி.எஸ்.எச் 2-லேயே நின்று, வலி மட்டும் போகவில்லை என்றால், "மாத்திரை பத்தலை, டோஸ் ஏத்துங்க" என்று கேட்காதீர்கள். தேவைக்கு மேல் போன தைராய்டு மருந்து இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும், எலும்பை மெலிய வைக்கும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி, "இது ஃபைப்ரோமயால்ஜியாவாக இருக்குமா?"

டோஸ் ஏற்றும் முன் மாத்திரையைச் சாப்பிடும் விதத்தையும் பார்க்க வேண்டும். நம் ஊரில் கண் விழித்ததும் காபி. மாத்திரையும் காபியும் ஒன்றாக உள்ளே போனால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி.

இன்னொரு பொறியும் உண்டு. தைராய்டு குறைந்தால் கொலஸ்ட்ரால் ஏறும். டி.எஸ்.எச் பார்க்காமல் கொலஸ்ட்ராலுக்கு மட்டும் ஸ்டாட்டின் மாத்திரை கொடுத்தால், அது சிலருக்குத் தசை வலியைக் கூட்டும், தைராய்டு குறைந்தவருக்கு இன்னும் அதிகமாக. கொலஸ்ட்ரால் மாத்திரைக்குப் பிறகு வலி வந்தவர் அந்தத் தேதியை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

குச்சிக்கிழங்கு சாப்பிட்டால் தைராய்டு வருமா

சேலத்தில் இதைக் கேட்காத ஆளில்லை, இந்தக் கிழங்கில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள் சூழ்ந்த ஊராயிற்றே. கேள்வியில் உண்மை இருக்கிறது. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளியில் உள்ள ஒரு பொருள் உடம்புக்குள் தயோசயனேட்டாக மாறி, தைராய்டு அயோடினை எடுப்பதைத் தடுக்கும். ஆனால் உணவில் அயோடின் போதாமல், கிழங்கே முக்கிய உணவாகவும் இருக்கும் இடங்களில்தான் இது பெரிய பிரச்சினை. தோல் உரித்து, நன்றாக வேக வைத்து, வடித்துச் சாப்பிட்டு, அயோடின் உப்பும் பயன்படுத்தும் வீட்டில் எப்போதாவது சாப்பிடும் கிழங்குக்கும் ஜவ்வரிசிப் பாயசத்துக்கும் பயப்பட வேண்டாம்.

பெயர் தெரிந்த பிறகு

தைராய்டு குறைவுக்கு மாத்திரை இருக்கிறது, அளவு சரியானால் வாழ்க்கை வழக்கம்போல. ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு அப்படி ஒரே மாத்திரை இல்லை. ஐரோப்பிய வாதவியல் அமைப்பு 2016-ல் திருத்திய பரிந்துரைகளில் 'வலுவான பரிந்துரை' என்ற தகுதி உடற்பயிற்சிக்கு மட்டுமே கிடைத்தது. வலிக்கிறவரிடம் நடக்கச் சொல்வது கொடுமையாகப் படலாம். அதனால் முதல் வாரம் தெருமுனை வரை போதும், உடம்பு ஏற்க ஏற்கக் கூட்டலாம். ஒரே நாளில் எல்லா வேலையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு மறுநாள் படுப்பதுதான் கூடாது. தேவைப்பட்டால் அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், பிரிகாபலின் போன்ற மருந்துகளை மருத்துவர் எழுதுவார். இவற்றில் சில மன அழுத்தத்துக்கும் கொடுப்பவை. மெடிக்கலில் அதைக் கேள்விப்பட்டு மனசு உடைய வேண்டாம், வலிச் செய்தியைத் தணிக்கவே இங்கே தருகிறார்கள். ஸ்டீராய்டு ஊசி இந்த நோய்க்கு உதவாது. யாராவது அதைப் போட்டுக்கொண்டே இருந்தால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

முதலில் பொது மருத்துவரிடம் போனால் போதும். ஏற்காட்டிலிருந்து இறங்கி வருபவருக்கு ஒரு நாள் கூலி போகிறது, அதனால் அந்த ஒரு சந்திப்பை வீணாக்காமல் தயாராக வாருங்கள்: வலி எப்போது தொடங்கியது, எங்கெங்கே, தூக்கம் எப்படி, முடி மாத்திரை உட்பட என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய டி.எஸ்.எச் ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிக் கொண்டு வாருங்கள். காய்ச்சல், காரணமில்லாமல் எடை இறங்குவது, மூட்டு வீங்குவது, கை கால் பலம் குறைவது இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த இரண்டு நோய்க்குள்ளேயே காரணம் தேடிக்கொண்டிருக்காமல், அதை முதல் வார்த்தையாகவே சொல்லிவிடுங்கள்.